நடைவழியில் நின்ற குளிர்பெட்டி

எங்கள் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் சாமான்கள் பதினேழு. அவற்றில் ஆறு செத்துப்போனவை. சோறு ஆக்கும் குக்கர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மேசை விசிறி, வீடியோ பிளேயர் ஆகிய ஐந்தும் பல வருடங்களாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ஆறாவதாகச் சேர்ந்தது இரண்டு கதவுக் குளிர்பெட்டி. தீபாவளிப் பலகாரமெல்லாம் தீர்ந்துபோன வாரத்தில் ஒரு நாள் அது முனகுவதை நிறுத்தியது. பழுது பார்க்க வந்தவர் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கம்ப்ரசர் போய்விட்டது, புதியதே வாங்கிவிடுங்கள் என்றார்.

என் மனைவிக்கு எதையும் தூக்கிப்போட மனம் வராது. எனக்கு எதையும் கண்ட இடத்தில் போட மனம் வராது. இரண்டும் வேறு வேறு என்று அவளிடம் பல தடவை விளக்கியிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் கூட்டுகிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பாள்.

புதிய பெட்டி ஒரு புதன்கிழமை வந்தது. கொண்டு வந்த இரண்டு ஆட்கள் பழையதைச் சமையலறையிலிருந்து கூடத்துக்கு நகர்த்திவிட்டு, வேண்டுமானால் இதை நாங்களே எடுத்துக்கொண்டு போகிறோம், ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்றார்கள். எங்கே கொண்டு போவீர்கள் என்று கேட்டேன். ஒருவன் மற்றவனைப் பார்த்தான். பழைய இரும்புக் கடைக்கு என்றான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. எங்கள் மகள் கிள்ளானுக்கு அந்தப் பக்கம், பண்டமாரானில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பின்னால் தகரம் அடைத்த காலி நிலம் ஒன்று. அங்கே பழைய குளிர்பெட்டிகளை லோரி லோரியாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கம்ப்ரசரை வெட்டி எடுக்கும்போது உள்ளே இருக்கும் கேஸ் உஸ்ஸென்று காற்றில் போகும். செம்புக்காக வயரைக் கொளுத்துவார்கள். பெட்டியின் சுவருக்குள் இருக்கும் மஞ்சள் பஞ்சும் அதோடு சேர்ந்து எரியும். என் பேத்தி அந்த வீட்டில் ஜன்னல் சாத்திய அறையில் படுத்து இருமுவதை நான் கேட்டிருக்கிறேன். சமையலறை ஜன்னலில் நின்று ஒரு தடவை எண்ணினேன். இருபத்து மூன்று பெட்டிகள். என்னுடையது இருபத்து நான்காவதாக அங்கே போய் நிற்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்திருந்தேன்.

ஆகவே முறைப்படி செய்யக் கிளம்பினேன். பழைய மின்சாமான்களைச் சேகரித்து, அனுமதி பெற்ற தொழிற்சாலைக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றைத் தொலைபேசியில் பிடித்தேன். பாட்டைக் கேட்டுக் காது வலித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். நாங்கள் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் லோரி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும், அதுவும் வெள்ளிக்கிழமைதான் என்றாள். நல்லவேளை, நாளை மறுநாளே வெள்ளிக்கிழமை. பெயரைக் கொடுத்துவிட்டுப் பெருமையோடு மனைவியிடம் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையா?" என்றாள். "வெள்ளிக்கிழமை யாராவது ஐஸ்பெட்டியை வீட்டை விட்டு அனுப்புவாங்களா?"

வெள்ளிக்கிழமைகளில் அவள் வீட்டிலிருந்து உப்புக்கூட வெளியே கொடுக்க மாட்டாள். இந்தப் பெட்டியோ பால், தயிர், காய்கறி எல்லாம் இருந்த இடம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அதன் கைப்பிடியில் ஒரு முழம் பூவும் சுற்றியிருக்கிறாள். பழுதாகிவிட்டால் மட்டும் அது லட்சுமி இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டாள். அவளோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வியாழக்கிழமையே பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்துவிடுவது. வீட்டை விட்டுப் போனது வியாழக்கிழமை. மறுநாள் லோரிக்காரர்கள் எடுப்பது நடைவழியிலிருந்து. அவள் சரியென்றாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் நானும் அவளுமாக, அடியில் கோணிச் சாக்கைப் போட்டு இழுத்து, நாலு அங்குல வாசற்படியிலிருந்து அதை மெல்ல இறக்கினோம். இறக்குவது சுலபமாக இருந்தது.

மறுநாள் காலையில் லோரி வந்தது. கீழேயிருந்து போன் செய்தான் ஓட்டுநர். மூன்றாவது மாடிக்கு வா, மின்தூக்கி வேலை செய்கிறது என்றேன். "பாவா சாஜா, அங்கிள்," என்றான். கீழே இருந்தால் மட்டும்தான் எடுப்பார்களாம், மாடி ஏற மாட்டார்களாம். அந்தப் பெண் இதைச் சொல்லவில்லை. நான் கீழே ஓடினேன். கேட்டில் காவல் இருக்கும் நேப்பாளி ஜாகா, இடத்தை விட்டு வர முடியாது என்று கையை விரித்தான். எங்கள் மாடியில் தமிழ்நாட்டிலிருந்து வந்து வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கும் இரண்டு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள், நல்ல உடம்புக்காரர்கள். அவர்கள் விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டார்கள். ஆளைத் தேடி நான் பார்க்கிங்கில் அலைந்துகொண்டிருக்கும்போதே லோரி கிளம்பிவிட்டது. இனி இரண்டு வாரம் கழித்துத்தான்.

பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிடலாம் என்று மேலே வந்தேன். மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கழித்து வெளியே அனுப்பிய சாமானைத் திரும்ப வீட்டுக்குள் ஏற்றுவது அனுப்பியதைவிட மோசம் என்றாள். வெள்ளிக்கிழமை வேறு.

இதற்குள் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது.

எங்களுடையதற்குப் பக்கத்து வீடுதான் நடைவழியில் கடைசி, அதன் வாசலோடு சுவர். அங்கே என்னைவிட நாலு வயது இளையவர் ஒருவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அவர் பஸ் ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் ஒரு வேன் வந்து டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும். வேனில் வேறு நோயாளிகளும் இருப்பார்கள், அதிக நேரம் நிற்காது. அவர் மின்தூக்கிக்குப் போக வேண்டுமானால் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சக்கர நாற்காலி பெட்டிக்கு முன்னால் வந்து நின்றது.

நில அளவை அலுவலகத்தில் கிராணியாகக் கணக்கு எழுதியவன் நான், அளவு நாடா எப்போதும் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கும். நடைவழி நாற்பத்தெட்டு அங்குலம். பெட்டி இருபத்தேழு. மிச்சம் இருபத்தொன்று. நாற்காலி இருபத்தைந்து. இதை நான் முந்தின நாளே அளந்திருக்க வேண்டும், அளக்கவில்லை. அது ஒரு ராத்திரி விஷயம்தானே என்று இருந்துவிட்டேன்.

அவர் மனைவி நாற்காலியை மடித்துச் சந்து வழியாக அந்தப் பக்கம் தள்ளினார். இவர் என் தோளில் ஒரு கையும் பெட்டிமேல் ஒரு கையுமாக, ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து வந்தார்.

"இந்த வயசுல இப்படி ஒருத்தியக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு நடக்கணும்னு எழுதியிருக்கு லா, அண்ணே," என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

அந்த வாரம் நான் பட்ட பாட்டை வரிசையாகச் சொல்கிறேன். மின்தூக்கி வாசலில் பெட்டியை வைக்கலாமா என்று நிர்வாகத்தில் கேட்டேன். தீ விபத்து வந்தால் வெளியேறும் வழி அது, கூடாது என்றார்கள். கீழே குப்பை அறைக்குப் பக்கத்தில்? லோரி வரும் நாளுக்கு முந்தின நாள்தான் அனுமதி. வேறு இரண்டு இடங்களுக்குப் போன் செய்தேன். ஒன்று கைத்தொலைபேசியும் கணினியும் மட்டும் எடுக்குமாம். இன்னொன்றில் யாரும் எடுக்கவேயில்லை. சும்மா இருக்க முடியாமல், மிச்சம் ஐந்தையாவது கழிப்போம் என்று விசிறியை விட்டுவிட்டு மற்ற நாலையும் காய்கறி வாங்கும் தள்ளுவண்டியில் கட்டி, பேரங்காடியில் வைத்திருக்கும் மின்கழிவுச் சேகரிப்புப் பெட்டிக்கு இழுத்துப் போனேன். அதன் வாய் ஒரு டிபன் பாக்ஸ் அளவு. எட்டிப் பார்த்தால் உள்ளே பாதி குடித்த டீக் குவளைகள், கோழி எலும்பு, ஒரு குடைக்கம்பி. என் நாலில் இஸ்திரிப் பெட்டி மட்டும் நுழைந்தது. மற்ற மூன்றோடும் திரும்பி வந்தேன். வழியில் ஒருவர் என்னிடம் குக்கர் என்ன விலை என்று கேட்டார்.

பழைய இரும்பு லோரி தினமும் காலையில் எங்கள் தெருவில் வரும். பழைய பேப்பர், பழைய இரும்பு என்று மலாயில் பதிவு செய்த குரல் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே போகும். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டம்மா கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார். முதலில் லோரியின் சத்தம் வரும் திசையை, பிறகு பெட்டியை, பிறகு என்னை. ஒரு நாள் நானே இறங்கிப் போய் அந்த லோரியை நிறுத்தினேன். ஓட்டுபவர் தமிழர், நாற்பது வயதிருக்கும். உடனே வந்து தூக்கிக்கொள்கிறேன் என்றார். கேஸை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"கேஸா? அது வெளிய போயிடும் அங்கிள். காத்துதானே."

"அதைப் பிடிச்சு வைக்கணும், தெரியுமா?"

"பிடிச்சு நான் எங்க அங்கிள் வைக்கறது? வேணும்னா சொல்லுங்க, வேணாட்டி விடுங்க. பின்னால ஹோன் அடிக்கறான்."

விட்டுவிட்டேன். மேலே வந்து மனைவியிடம் சொன்னபோது, உலகத்துக் காற்றுக்கெல்லாம் நீங்கள் காவல், பக்கத்து வீட்டு மனுசன் ஒற்றைக் காலில் குதிக்கிறார் என்றாள். நான்தான் உள்ளே ஏற்றலாம் என்றேனே, நீதானே மறித்தாய் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

லோரி தவறிய ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எனக்கு இன்னொரு யோசனை வந்தது. பெட்டியின் கதவுகளைக் கழற்றினால் மூன்று அங்குலம் கிடைக்கும். திருப்புளியோடு உட்கார்ந்து இரண்டு கதவையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஆறு திருகாணி, அதில் ஒன்று துருப்பிடித்து என் விரலைக் கிழித்தது. அளந்து பார்த்தேன். இருபத்து நான்கு அங்குலம். நாற்காலிக்கு ஒரு அங்குலம் குறைகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவில்லாத பெட்டியைக் கண்டதும் எங்கள் மாடிக்காரர்களுக்கு அது குப்பைத்தொட்டியாகத் தெரிந்ததோ என்னவோ. மறுநாள் விடியும்போது உள்ளே ஒரு ஜோடி செருப்பு, நாலு சோயாப்பால் டப்பா, பழைய நாள்காட்டி ஒன்று. எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் டயாலிசிஸுக்குக் கிளம்பி வந்தார்.

"கதவையும் கழட்டிட்டீங்களா?" என்றார். "இத்தன நாளு மானத்தோட நின்னுச்சு, பாவம்."

நான் குப்பைப் பையை ஓரமாக வைக்கத் திரும்பினேன். அவர் குதிக்கத் தொடங்கியிருந்தார். முன்பெல்லாம் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். இப்போது அது இல்லாததால் உள்ளே இருந்த கம்பித் தட்டைப் பிடித்தார். தட்டு எதிலும் மாட்டியிருக்கவில்லை, இழுத்தால் வருகிற தட்டு. வந்தது. தட்டோடு அவர் பின்பக்கமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. கால் எடுத்த இடமும் தரையில் இடித்துவிட்டது, முகம் வெளுத்துப்போனார். நானும் எங்கள் இருவர் மனைவிமாரும் சேர்ந்து அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டுப் போட்டுக் கீழே போவதற்குள் வேன் போய்விட்டது. டயாலிசிஸ் நிலையத்தில் கெஞ்சிக் கேட்டு, சாயந்திரம் காலியான படுக்கையில் பாதி நேரத்துக்கு இடம் வாங்கினார்கள். வாடகைக் காரில் போய்த் திரும்பியவரைப் பார்த்தேன். முகம் உப்பியிருந்தது, மூச்சு வாங்கினார். பாதி நேரம் சுத்தம் செய்தால் பாதித் தண்ணீர் உடம்பிலேயே நிற்கும் என்று அவர் மனைவி சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படி.

பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த அம்மா என்னிடம் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"புதன்கிழமை காலையில இது இங்க நின்னா, நான் அந்த லோரிக்காரனக் கூப்பிட்டுக் குடுத்துருவேன் அண்ணே. கோவிச்சுக்காதீங்க. உங்க கேஸ் எங்கயாச்சும் போகட்டும். எனக்கு இவரு போய்த் திரும்பி வரணும்."

என் மனைவியைப் பார்த்தேன். அவள் வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்த மனிதர்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் கழித்த சாமான் உள்ளே வந்து, நாளை வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால், பண்டமாரானில் இருமும் பேத்திக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவள் தன்னையே மன்னிக்க மாட்டாள். நாற்பத்தேழு வருடம் கூட இருந்தவனுக்குத் தெரியும்.

முடிச்சை அவிழ்த்தது நாற்காலியில் இருந்தவர்தான். மூச்சு விட்டுவிட்டுப் பேசினார்.

"அக்கா, வெளிய கிளம்புறோம். போற வழியில தடங்கலாயிருது. என்ன செய்வோம்? திரும்ப வீட்டுக்கு வந்து, உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, அப்புறம் கிளம்புறதில்லையா? இதுவும் அப்படித்தான்னு வச்சிக்குங்க. அது இன்னும் போகல லா. கிளம்பிச்சு, லோரி வுட்டுட்டுப் போயிருச்சு."

என் மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறாரா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவர் முகத்தில் கேலி இல்லை, களைப்புத்தான் இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, சமையல்காரர்கள் இருவருக்கும் விடுமுறை. செவ்வாயாயிற்றே என்று நானே பயந்து பயந்து மனைவியிடம் சொன்னேன். செவ்வாயில் அனுப்பத்தான் கூடாது, வருவதற்கு என்ன என்றாள். இரண்டு பேரும் பெட்டியை ஒரே மூச்சில் வாசற்படி ஏற்றிக் கூடத்தில் நிறுத்தினார்கள். அவள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பெட்டிக்குள் மேல் தட்டில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்துத் துளசிச் செடிக்கு ஊற்றினாள். சமையல்காரர்களில் ஒருவர், எங்கள் ஊரில்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள் அங்கிள் என்று என் காதில் சொன்னார்.

புதன்கிழமை சக்கர நாற்காலி தடையில்லாமல் போனது. எங்கள் கூடத்தில் உட்கார இடமில்லை. தொலைக்காட்சியின் பாதியைப் பெட்டி மறைத்தது, செய்தி வாசிக்கிறவரின் ஒரு காது மட்டும் தெரிந்தது.

வியாழக்கிழமை ராகு காலம் முடிந்ததும், வேலைக்கு நடுவே ஓடிவந்த சமையல்காரர்கள் பெட்டியை மின்தூக்கியில் ஏற்றிக் கீழே குப்பை அறைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கழற்றிய கதவுகள் இரண்டையும், மிச்சமிருந்த நாலு செத்த சாமான்களையும் நான் அதற்குள் அடுக்கினேன். யாரும் தூக்கிப் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி ஜாகாவிடம் சொல்லிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கீழே காத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரும் வேனுக்காக அங்கேயே நாற்காலியில் இருந்தார். லோரி முதலில் வந்தது. எங்கள் கட்டடத்துக்கு உள்ளே வரும் வழி ஒரு வண்டி அகலம். இரண்டு பக்கமும் யார் யாரோ கார் நிறுத்தியிருப்பார்கள். லோரி ஆட்கள் பின்கதவை இறக்கி, உள்ளே இருந்ததை ஒதுக்கி இடம் பண்ணத் தொடங்கினார்கள். அப்போது லோரிக்குப் பின்னால் வேன் வந்து நின்று ஹோன் அடித்தது. சக்கர நாற்காலி ஏற்றும் பலகையை இறக்க வேனுக்கு இடமில்லை.

லோரி ஓட்டுநரிடம், கொஞ்சம் வெளியே போய் வேனுக்கு வழி விடு என்றேன். வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது அங்கிள், தெருவில் நெரிசல், பத்து நிமிடம் பொறுங்கள் என்றான் மலாயில். வேன் ஓட்டுநர் மறுபடியும் ஹோன் அடித்தார்.

"ஏத்தட்டும் அண்ணே," என்றார் நாற்காலியில் இருந்தவர். "நான் பொறுக்கறேன்."

திங்கட்கிழமை உப்பியிருந்த அந்த முகத்தைப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். லோரியின் பக்கவாட்டில் தட்டி, போ, முதலில் வெளியே போ என்று கத்தினேன். அவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே பின்கதவைத் தூக்கி மாட்டினார்கள். வேன் பின்னால் விலக, லோரி பின்னோக்கி வெளியேறியது. வேன் உள்ளே வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. லோரி திரும்பி வரவில்லை.

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பாட்டு. பிறகு அதே பெண். மற்ற இடங்களை முடித்துவிட்டு, முடிந்தால் சாயந்திரம் வரச் சொல்கிறேன் என்றாள். முடிந்தால் என்ற வார்த்தையை அவளிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஜாகாவிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எழுந்து போனால் யாராவது அதைத் தூக்கிவிடுவார்கள், அது நேரே பண்டமாரானுக்குப் போகும். வெயில் ஏறியது. மனைவி மாடியிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை.

மத்தியானம் வேன் திரும்பியது. பக்கத்து வீட்டுக்காரர் இறங்கி என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து பெட்டியின் நிழலில் நிறுத்தினார்.

"போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க."

வேண்டாம், டயாலிசிஸ் முடித்து வந்த உடம்பு, நீங்கள் மேலே போய்ப் படுங்கள் என்றேன்.

"போங்க அண்ணே. இதப் பத்தி உங்களவிட எனக்கு நல்லாத் தெரியும். எத்தன தடவ கட்டிப்பிடிச்சிருக்கேன்."

மேலே போனேன். மனைவி சோறு போட்டாள். பாதி சாப்பிட்டிருப்பேன். தெருக்கோடியில் பழைய பேப்பர், பழைய இரும்பு என்ற குரல் கேட்டது. காலையில் வருகிற லோரி அன்றைக்கென்று மத்தியானத்தில் வந்து தொலைத்தது. குரல் நெருங்கி வந்து எங்கள் கேட்டுக்கு நேரே நின்றது. நான் எச்சில் கையோடு ஜன்னலுக்கு ஓடினேன். அந்த ஆள் இறங்கி உள்ளே வந்து பெட்டியின்மேல் கை வைத்துவிட்டார்.

"கைய எடு தம்பி," என்று கீழேயிருந்து கேட்டது. களைத்த குரல்தான், ஆனாலும் மூன்றாவது மாடிவரை தெளிவாக வந்தது. "இது புக்கிங். ஆள் வருவாங்க."

"எப்ப வருவாங்க, அங்கிள்?"

"வருவாங்க. அதுவரைக்கும் நான் இருக்கேன்."